இடமிருந்து வலமாக ஐந்து வால்வுகள்

நகரக் குடிநீர் வாரியத்தில் பத்தொன்பது வருஷமாகத் தெருத் தெருவாக வால்வுகளைக் கவனித்துவந்த மேற்பார்வையாளரை எல்லாரும் வால்வம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தையற்கடை வைத்திருந்த அவள் கணவர்கூடக் கோபம் வந்தால் அந்தப் பெயரைத்தான் எடுப்பார். சாலையிலிருக்கும் இரும்பு மூடியின்மேல் காதை வைத்தால் போதும், கீழே தண்ணீர் ஓடுகிறதா, ஒழுகுகிறதா, ஓடுவதுபோல் பாசாங்கு செய்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரசவ ஆஸ்பத்திரியை ஒட்டிய குறுகலான முடுக்கில் மூன்றாம் எண் வால்வின் மூடிமேல் காதை வைத்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்றார் கூட வந்த மேஸ்திரி.

"கழுத்துல விரிசல் விட்டிருக்கு. சத்தம் மாறிடுச்சு. ஒரு மாசம் தாங்கினா பெரிசு."

மேஸ்திரி ஆஸ்பத்திரியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்தக் கட்டடத்தின் மின்பெட்டிகளெல்லாம் தரைக்குக் கீழே இருந்தன. இறங்கும் படி வால்விலிருந்து இருபதடி தூரத்தில் தொடங்கியது. வால்வு வாயைத் திறந்தால் தண்ணீர் நேரே அங்கேதான் இறங்கும். மேல்மாடியில் அன்றைக்குப் பதினெட்டுக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாகக் காவலாளி சொன்னார்.

புது வால்வு கிடங்கில் தயாராக இருந்தது. ஆளும் தயார். பெரிய குழாயை ஆறு மணி நேரம் மூடிவைக்க ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து இல்லாமல் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் சக்கரத்தைத் தொடமாட்டார்கள்.

முன்பெல்லாம் இதற்கு அரைப்பக்கக் கடிதம் போதும். போன வருஷம் தலைமை இயக்குநர் வெளியூர் விருந்தாளிகளுக்குத் திரையில் ஸ்லைடு போட்டுக் காட்டியபோது அந்த விபத்து நடந்தது. வரிசையாக இருந்த மூன்று பெட்டிகளில் நடுப்பெட்டி ஒரு நூலிழை இறங்கியிருந்தது. விருந்தாளி ஒருவர் தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தார். அவர் தலை சாய்ந்ததைத் தலைமை இயக்குநர் பார்த்துவிட்டார். அடுத்த வாரமே ஸ்லைடு ஒழுங்குப் பிரிவு பிறந்தது. அதற்குப் பதினோரு பேர். நகரம் முழுக்கக் கசிவைப் பார்க்க நான்கு பேர்.

பிரிவு ஒரு மாதம் விசாரித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது. மவுஸ். மனிதன் கையால் இழுத்து வைத்தால் பெட்டி கோணத்தான் செய்யும். இனி எந்தப் பொருளையும் கீபோர்டு ஷார்ட்கட் மூலமே நகர்த்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. வாரியத்திலிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு மவுஸ்களையும் ரசீது கொடுத்து வாங்கிச் சாக்கில் கட்டினார்கள். சாக்கு வைக்க இடம் வேண்டுமென்று கிடங்கிலிருந்த ரப்பர் வளையங்களை வெயிலில் தூக்கி வைத்தார்கள்.

இனிமேல் எந்தக் கோரிக்கையும் ஸ்லைடாகத்தான் போக வேண்டும். வால்வம்மாவும் ஒரு ஸ்லைடு செய்தாள். வால்வின் படம், தெருவின் வரைபடம், அதில் அந்தப் பகுதியின் ஐந்து வால்வுகளுக்கு ஐந்து வட்டங்கள், கீழே இரண்டு வரி. அதை எடுத்துக்கொண்டு ஒழுங்கு அதிகாரியிடம் போனாள்.

ஒழுங்கு அதிகாரி சட்டைப்பையில் பேனா வைப்பதில்லை. ஒளி ஊடுருவும் ஸ்கேல் ஒன்றுதான் வைத்திருப்பார். அதை எடுத்துத் திரையின்மேல் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை யாரும்மா செஞ்சது?"

"நான்தான் சார்."

"கையால செஞ்சீங்களா?"

"கையாலதான் சார். காலால செய்யத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "படத்தோட இடது ஓரமும் எழுத்தோட இடது ஓரமும் சேரல. இதைப் பார்த்தா பெரியவருக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"சார், வால்வு உடைஞ்சா ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி போயிடும்."

"போகட்டும், அது உங்க பிரிவு. ஓரம் என் பிரிவு." பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டார். "பயிற்சி எடுத்துக்கிட்டீங்களா? இல்லையா? அதான். மூணு நாள் வாங்க. சான்றிதழ் இல்லாதவங்க ஸ்லைடை நான் பார்க்கறதே தப்பு. இப்ப பார்த்ததை நான் பார்க்கலைன்னு வச்சுக்கங்க."

பயிற்சிக் கூடத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். மீட்டர் கணக்கெடுப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், பரிசோதனைக் கூடத்து அம்மா ஒருத்தி, எல்லாருமே எதையோ ரிப்பேர் செய்ய அனுமதி கேட்டு மாட்டிக்கொண்டவர்கள். முதல் நாள் முழுக்க ஒப்பித்தல். "ஆல்ட், எச், ஜி, ஏ, எல்!" என்று அதிகாரி கத்துவார். "இடது ஓரம்!" என்று கூடம் கத்தும். "ஆல்ட், எச், ஜி, ஏ, எம்!" "நடுக்கோடு!"

ஒரு லாரி ஓட்டுநர் எழுந்து நின்றார். "சார், ஷார்ட்கட்டுன்னா குறுக்கு வழிதானே? இதுக்கு அஞ்சு பட்டன் தட்டணுமே?"

"குறுக்கு வழி நீளமா இருந்தாத்தான்யா அதுக்கு மரியாதை" என்றார் அதிகாரி.

இரண்டாம் நாள் கம்ப்யூட்டர்கள் வேலை செய்யவில்லை. அதற்காக வகுப்பை நிறுத்த முடியுமா? எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, "நீங்கதான் இன்னிக்குப் பொருள்" என்றார். இடது ஓரம் என்றதும் முப்பத்திரண்டு பேரும் இடது பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சம இடைவெளி என்றதும் கூடம் முழுக்கப் பரவினார்கள். பின்னுக்கு அனுப்பு என்றதும் பரிசோதனைக் கூடத்து அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். அவளை முன்னுக்குக் கொண்டுவர அதிகாரி மறந்துவிட்டதால் டீ நேரம்வரை அங்கேயே இருந்தாள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று, கொஞ்சம் தூங்கியும்விட்டாள்.

பிறகு, "கன்ட்ரோல், ஜி! குரூப்!" என்றார். எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். "குரூப் ஆன பொருள் தனியா நகரக் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜின்னு நான் சொன்னாத்தான் பிரியணும்." அந்நேரம் பார்த்து அவருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் நாற்பது நிமிஷம் திரும்பவில்லை.

மீட்டர்காரர் ஒருவர் நெளிய ஆரம்பித்தார். "அவசரம்ங்க. கையை விடுங்களேன்."

"விட்டா சான்றிதழ் போயிடும்" என்றார் பக்கத்தில் நின்றவர், பிடியை இறுக்கிக்கொண்டே.

கடைசியில் வால்வம்மாதான் வழி சொன்னாள். முப்பத்திரண்டு பேரும் கோத்த கை விடாமல் தாழ்வாரத்தில் வரிசையாக நடந்து ஆண்கள் கழிப்பறை வாசல்வரை போனார்கள். மீட்டர்காரர் உள்ளே போக, அவர் கையைப் பிடித்திருந்த லாரி ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரே வந்த துணை இயக்குநர் அசந்துபோய் ஒதுங்கி நின்று, "என்ன ஒழுங்கு! என்ன ஒழுங்கு!" என்று மெச்சினார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் காவலாளி ஃபோன் செய்தார். "வால்வம்மா, முடுக்குல ஈரம் ஊறுது. நேத்து உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. இன்னிக்குப் பாய் விரிச்ச மாதிரி இருக்கு."

அவளும் மேஸ்திரியும் ஓடினார்கள். குழிக்குள் இறங்கி, ரப்பர் பட்டையைச் சுற்றி, அதன்மேல் சாக்கைக் கட்டிக் கம்பியால் முறுக்கினாள். ஈரம் குறைந்தது, நிற்கவில்லை.

மூன்றாம் நாள் தேர்வில் தேறினாள். சான்றிதழில் அவள் பெயர் மட்டும் சற்று மேலே ஏறியிருந்தது. சொன்னால் இன்னும் மூன்று நாள் உட்காரச் சொல்வார்களென்று வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

புது ஸ்லைடில் ஓரமெல்லாம் சரியாக இருந்தது. ஒழுங்கு அதிகாரி ஸ்கேலை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் முகம் சுருங்கியது.

"இந்த அஞ்சு வட்டம் என்னம்மா இப்படிச் சிதறிக் கிடக்கு?"

"அது வால்வு இருக்கற இடம் சார்."

"இருக்கட்டும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, மூணாவது ஒரு மூலைல. பெரியவர் தலை சாய்ச்சுப் பார்க்கவா?" என்றவர் வட்டங்கள் ஐந்தையும் தேர்ந்தெடுத்து, அவளை முந்திக்கொண்டு தாமே பட்டன்களைத் தட்டினார். ஆல்ட், எச், ஜி, ஏ, எம். ஐந்தும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஆல்ட், எச், ஜி, ஏ, எச். ஐந்துக்கும் சம இடைவெளி விழுந்தது. மூன்றாம் எண் வால்வு ஆஸ்பத்திரி முடுக்கிலிருந்து கிளம்பி, நான்கு தெரு தாண்டி, வாரியத் தலைமை அலுவலகத்தின் வாசலில் போய் உட்கார்ந்தது.

"சார், குழாய் இப்படி நேரா போகல. பூமிக்கடியில வளைஞ்சு வளைஞ்சுதான் போகுது."

"பூமிக்கடியில அது இஷ்டத்துக்குப் போகட்டும். என் ஸ்லைடுல நேராத்தான் போகணும்."

ஸ்லைடுகளுக்கு ஒப்புதல் தரும் கமிட்டி கூடியது. தலைமை இயக்குநர் திரையை நேராகப் பார்த்தார், தலை சாயவில்லை. உறுப்பினர்கள் மூச்சு விட்டார்கள். ஒருவர் எழுந்து, "எந்த வால்வுக்கும் கூடுதல் இல்லை, எந்த வால்வுக்கும் குறைவு இல்லை, சமத்துவம்னா இதுதான்" என்றார். கைதட்டினார்கள். வால்வம்மா வாயைத் திறக்குமுன் முத்திரை விழுந்துவிட்டது. உத்தரவில் எழுதியிருந்தது: ஸ்லைடில் காட்டிய இடத்தில் மட்டும் தோண்டவும்.

மறுநாள் தலைமை அலுவலகத்து வாசலில் துளையிடும் எந்திரம் இறங்கியது. மேஸ்திரி அவளிடம் மூன்று முறை கேட்டார். "நிஜமாவா அக்கா?" உத்தரவைக் காட்டினாள். பளிங்குப் படி போயிற்று. அதன் கீழிருந்த கான்கிரீட் போயிற்று. ஆளுயரக் குழியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. வால்வு இல்லை.

ஒழுங்கு அதிகாரி குழி ஓரத்தில் நின்று ஸ்கேலால் அளந்து பார்த்தார். இடம் துல்லியமாக இருந்தது. ஆகவே தவறு வால்வுடையது.

"மூணாம் நம்பர் எங்கம்மா?"

"ஆஸ்பத்திரி முடுக்குல சார்."

"ஒப்புதல் இல்லாம அங்க எப்படிப் போச்சு?"

"முப்பது வருஷமா அங்கதான் சார் இருக்கு."

"அப்ப முப்பது வருஷ ஒழுங்குமீறல்" என்று குறித்துக்கொண்டார். அவளுடைய பொறுப்பிலிருந்த வால்வு, ஒப்புதல் பெற்ற இடத்தைவிட்டு நீங்கியிருந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கையில் கொடுக்கும்போது அதிகாரி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். "நல்லா கேட்டுக்கங்க. ஒப்புதலான ஸ்லைடுல இருக்கற ஒவ்வொரு பொருளும் ஒப்புதலானது. அது சின்னதோ பெரிசோ, முன்னால இருக்கோ பின்னால இருக்கோ, கையெழுத்து விழுந்துட்டா விழுந்ததுதான். அதைக் கேள்வி கேட்க எனக்கே அதிகாரம் இல்ல. உலகத்தை ஸ்லைடுக்கு ஏத்த மாதிரி மாத்தறதுதான் நம்ம வேலை."

மறுநாள் காலையில் அவள் சமையலறை மேடையில் விரலால் தட்டிக்கொண்டே நின்றாள். ஆல்ட், எச், ஜி. பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கணவர் கேட்டார். "என்னாச்சு உனக்கு?"

எல்லாவற்றையும் சொன்னாள். "பதினெட்டுக் குழந்தைங்க. நான் காதால கேட்டேன். இவங்க கண்ணால பார்த்தும் நம்பலீங்க."

அவர் இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டியிருந்த கோட்டு ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினார். "இதைப் பாரு. வாங்கறவன் வெளித்துணியைத்தான் தடவிப் பார்ப்பான். கோட்டை நிக்க வைக்கறது உள்ளே இருக்கற லைனிங். இன்னிவரைக்கும் ஒருத்தனாவது லைனிங்கைத் திருப்பிப் பார்த்ததில்ல. ஆனா காசு ரெண்டுக்கும் சேர்த்துத்தான் குடுக்கறான்."

அவள் அந்த லைனிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

காணாமற்போன வால்வைப் பற்றி விசாரிக்கக் கமிட்டி வியாழக்கிழமை கூடியது. வால்வம்மா விளக்கத்தை ஒரே ஸ்லைடில் கொண்டுவந்திருந்தாள். நடுவில் வாரியத்தின் சின்னம், தட்டு அளவுக்குப் பெரிதாக. அதன் கீழே ஐந்து வட்டங்கள், சம இடைவெளியில், ஒரே கோட்டில். ஒழுங்கு அதிகாரி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு உருகிப்போனார்.

"திருந்திட்டீங்கம்மா."

கூட்டம் நடக்கும்போது அவள் இடுப்பிலிருந்த ஃபோன் மூன்று தடவை அதிர்ந்தது. காவலாளிதான். மேசைக்கடியில் எட்டிப் பார்த்தாள். 'முதல் படிக்குத் தண்ணி வந்துடுச்சு' என்று செய்தி. அவள் எழுந்து, ரொம்பப் பணிவாக, "ஐயா, இந்த ஸ்லைடை முழுமையா ஏத்துக்கிட்டதா ஒரு கையெழுத்து போட்டுட்டா நான் வேலையைப் பார்ப்பேன்" என்றாள்.

தலைமை இயக்குநர் சின்னத்தை ஆசையாகப் பார்த்தார். இந்த ஸ்லைடு முழுமையாக ஒப்புக்கொள்ளப்படுகிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது.

"விழுந்திருச்சுங்களா ஐயா?"

"விழுந்திருச்சு."

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வாரியச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், அதோடு ஓர் அடைப்புக்குறி. மூன்றே பட்டன். சின்னம் பின்னால் போயிற்று. அதன் முதுகில் ஒளிந்திருந்த பெட்டி முன்னால் வந்தது. ஆஸ்பத்திரி முடுக்கின் வரைபடம், அதில் சிவப்பு வட்டம், கீழே கொட்டை எழுத்தில்: மூன்றாம் எண் வால்வு இங்கே இருக்கிறது. பெரிய குழாயை இன்றே ஆறு மணி நேரம் மூடிவிட்டு மாற்றவும்.



"மோசடி!" என்று எழுந்தார் ஒழுங்கு அதிகாரி. "பொருளை ஒளிச்சு வச்சு..."

"பின்னுக்கு அனுப்பியிருந்தேன் சார். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. முன்னால இருந்தாலும் பின்னால இருந்தாலும் ஒப்புதல்தான்னும் நீங்கதான் சொன்னீங்க. இடது ஓரம் வேணா அளந்து பாருங்க, சரியா இருக்கும்."

அவர் கை தன்னையறியாமல் ஸ்கேலைத் திரையில் வைத்தது. சரியாக இருந்தது.

எல்லாரும் தலைமை இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் கோபப்பட வேண்டுமென்றால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பார்த்துட்டுத்தான்யா போட்டேன். இத்தனை வருஷ அனுபவத்துல நான் முன்னால இருக்கறதைப் பார்த்து என்னிக்குமே கையெழுத்துப் போட்டதில்ல."

பிற்பகல் ஒரு மணிக்குச் சக்கரம் திரும்பியது. பெரிய குழாய் அடங்கியது. சாக்கை அவிழ்த்து, ரப்பர் பட்டையை உரித்து, மேஸ்திரி சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினார். வால்வின் கழுத்து ரொட்டித் துண்டு மாதிரி கையோடு வந்தது. விரிசல் முக்கால் வட்டம் ஓடியிருந்தது. மிச்சம் இரண்டு விரல் அகலம்.

"அக்கா, இது நாளைக்குக் காலைல இருந்திருக்காது" என்றார் மேஸ்திரி மெல்ல.

வால்வம்மா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மேலே ஆஸ்பத்திரி ஜன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எந்தக் குழந்தையோ தொண்டை கிழியக் கத்தியது. காவலாளி ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து, அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஏழு மணிக்குப் புது வால்வு வழியே தண்ணீர் போயிற்று. காதை வைத்துக் கேட்டாள். ஓடியது.

வாரியம் சும்மா இருக்குமா? இனி எந்த ஸ்லைடிலும் எந்தப் பொருளும் எந்தப் பொருளுக்கும் பின்னால் இருக்கக் கூடாது என்று திங்கட்கிழமையே சுற்றறிக்கை வந்தது. அதைக் கண்காணிக்கப் பின்புறப் பொருள் ஆய்வுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பதினான்கு பணியிடம். அதற்குத் தலைமை தாங்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமல்லவா? தலைமை இயக்குநரே யோசித்து ஒரு பெயரைச் சொன்னார்.

நியமன ஆணை வந்தபோது வால்வம்மா ஆஸ்பத்திரி முடுக்கில் இருந்தாள். புது வால்வுக்குப் போட்ட புது மூடி சரியாக உட்காராமல், ஆம்புலன்ஸ் ஏறும்போதெல்லாம் தடால் தடால் என்று அடித்தது. குழந்தைகள் தூங்க முடியவில்லை என்று நர்சுகள் புகார் செய்திருந்தார்கள். அவள் ஆணையை நின்றபடியே ஒருமுறை படித்தாள். நல்ல கெட்டிக் காகிதம். ஒருவேளை அட்டையோ என்றுகூடத் தோன்றியது. இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், எட்டாக மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். மேஸ்திரி கடப்பாரையால் மூடியை நெம்பிப் பிடிக்க, அவள் அதை இடுக்கில் செருகினாள். ஓர் ஆம்புலன்ஸ் வந்து ஏறியது. சத்தமில்லை.

பத்து நாள் கழித்து, நியமன ஆணை கிடைத்ததா, ஏன் இன்னும் பொறுப்பேற்கவில்லை என்று கேட்டு நினைவூட்டல் வந்தது. வால்வம்மா அரைப்பக்கக் கடிதம் எழுதினாள். கையால்தான் எழுதினாள், வரி கொஞ்சம் கோணலாகவே போயிற்று.

'ஐயா, தங்கள் ஆணை கிடைத்தது. களத்தில் மிக நன்றாக வேலை செய்கிறது. தயவுசெய்து திரும்பக் கேட்க வேண்டாம்.'